சமாதானம் ஓடாது

போளூர் பஸ் ஸ்டாண்டில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்த மலையூர்க்காரி சம்பூர்ணத்தின் எதிரே, முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்றாள். கையில் காய்கறிப் பை. முகத்தில் அப்படியொரு கோபம்.

"நீதான அது? நல்லா இருப்பியா நீ?"

சம்பூர்ணம் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் கரும்புச்சாறு வண்டி மட்டும்தான் இருந்தது.

"யாரம்மா கேக்கற?"

"உன்னத்தான் கேக்கறேன். மருமவள உச்சி வெயில்ல நிக்க வெச்சிட்டு, நீ நெழல்ல குந்திகினு பலாச்சொள துன்னியே, அது செரிச்சிதா உனக்கு? வூட்ல அத்தினி பேரும் பாத்துகினுதான இருந்தோம்."

கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். காறித் துப்பிவிட்டுப் போனாள். அது சம்பூர்ணத்தின் செருப்புக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட, ஏம்மா இப்படிச் செய்கிறாய் என்று அவளைக் கேட்கவில்லை. கேட்காததுகூடப் பரவாயில்லை, பூக்காரி ஒருத்தி, துப்பினால் தப்பில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

மருமகளைப் பட்டினி போட்டவர்கள் இருக்கிறார்கள். சூடு வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் அதே பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, கௌரவமாக ஊர் போய்ச் சேருகிறார்கள். மருமகளை ஒரு நாளும் கை நீட்டி அடிக்காத சம்பூர்ணத்துக்குத்தான் எச்சில் கிடைத்தது. நல்ல நியாயம்!

போன் சார்ஜர் வாங்கப் போயிருந்த அருணா திரும்பி வந்தபோது மாமியார் பேயறைந்தவள்போல நின்றிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் அருணாவுக்கு விளங்கிவிட்டது.

"அத்த, அது நம்ம பலாப்பழ வீடியோ. டிவில போட ஆரம்பிச்சிட்டாங்க போல."

"போட்டா இன்னா? அதுல அப்புறம் நானும் வந்து வெயில்ல நிக்கிறேன் இல்ல? ரெண்டு பேரும் ஒரே பழத்த பிச்சித் துன்னோமே. அத பாக்கலியா அவ?"

அதைத்தான் அருணாவும் யோசித்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டிவி விற்கும் கடை இருந்தது. உள்ளே போய், இணையத்தில் வரும் 'ரகளை டிவி'யைக் கொஞ்சம் வைத்துக் காட்டச் சொன்னாள். கடைப்பையனுக்கு அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

சுவரளவு டிவியில் சம்பூர்ணம் வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இந்த வூட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல நீ இருக்கணும்!" என்று கத்தினாள். அருணா வெயிலில் நின்று கண்ணைத் துடைத்தாள். அவர்கள் எடுத்தபோது இல்லாத சோக இசை ஒன்று அழுதது. யாரோ ஒரு ஆண், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில், "மருமகள் செய்த பாவம் என்ன?" என்று கேட்டான். உடனே செம்பவளம் சாம்பார் பொடி விளம்பரம். விளம்பரம் முடிந்ததும் சம்பூர்ணம் அருணாவின் களித் தட்டைப் பிடுங்கினாள். அதற்கடுத்து அருணாவின் துணியைத் தூக்கி வெளியே எறிந்தாள். அடுத்ததில் துடைப்பத்தை ஓங்கினாள். சண்டைக்குப் பின் சண்டையாக வந்துகொண்டே இருந்தது. நடுவில் மூச்சு விட இடமில்லை.

"எங்கடி மீதி?" என்றாள் சம்பூர்ணம்.

மீதி வரவே இல்லை.

அந்த மீதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அருணா அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள். புளி உலுக்கும் நேரமும் சாமை அறுக்கும் நேரமும் போக, மிச்ச நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாதவள். ஒரு நாள் போனைப் புளியமரக் கவட்டையில் சாய்த்து வைத்து, "அத்த, என்ன திட்டுங்க பாக்கலாம்" என்றாள். "எதுக்குடி திட்டணும்?" என்று கேட்ட சம்பூர்ணம், ஆரம்பித்த பிறகு நிறுத்தவே இல்லை. அவ்வளவு நடிப்பு தனக்குள் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. எடுத்து முடித்ததும் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் சம்பூர்ணம் ஒரு கட்டளை போட்டாள். சண்டை விளையாட்டுக்கே ஆனாலும், விளக்கு வைப்பதற்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும். அது அவள் தாய்வீட்டு வழக்கம். சண்டை போட்டவர்கள் இருட்டுவதற்குள் ஒருவர் வாயில் இன்னொருவர் ஒரு வாய் சோறு வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் அந்தச் சொல் வீட்டை விட்டுப் போகாது என்பார்கள். அதனால் காலையில் சண்டை எடுத்தால் பொழுது சாய்வதற்குள் சமாதானமும் எடுத்தாக வேண்டும். பிடுங்கிய தட்டிலிருந்தே சம்பூர்ணம் களியை உருட்டி மருமகளுக்கு ஊட்டுவாள். எறிந்த துணியைத் தானே துவைத்துக் காயப்போடுவாள். வெயிலில் நிற்க வைத்தவள் தானும் வெயிலில் போய் நிற்பாள்.

அருணா சண்டையை இன்றைக்கும் சமாதானத்தை நாளைக்கும் என்று பிரித்து நெட்டில் போடுவாள். சமாதானத்தைப் பார்க்க ஆட்கள் திரும்பி வருவார்கள் என்பது அவள் கணக்கு. சண்டைக்கு லட்சக்கணக்கில் வந்தார்கள். சமாதானத்துக்கு நாலு தெரு ஆள்கூட வரவில்லை. "ஜனங்களுக்கு வேலை இருக்கும்டி" என்று சம்பூர்ணம் அவர்களுக்காகப் பரிந்து பேசுவாள்.

பிறகு தேவராஜ் வந்தான். திருப்பத்தூரில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிக்காரன். ஊர் ஊராகப் போய், ஜனங்கள் போனில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்களுக்கு உரிமம் வாங்கி, வரிசையாகக் கோத்து, நாள் முழுக்க ஓடும் டிவி சேனல்களாக்குவது அவர்கள் தொழில். சமையலுக்கு ஒரு சேனல், நாய்க்குட்டிக்கு ஒரு சேனல், கோயில் திருவிழாவுக்கு ஒரு சேனல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு முத்திரை, பின்னால் ஒரு மசாலாக் கம்பெனி. "நீங்க பூவ குடுங்கம்மா, நாங்க மால கட்டிக்கறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசினான். சாமைச் சோறு சாப்பிட்டான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"நல்லா ஓடின வீடியோவா பாத்துக் குடுங்க சிஸ்டர்" என்றான். அருணா பெருமையோடு, அதிகம் ஓடியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அத்தனையும் சண்டை என்பது இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. கறவைப் பசுவை வாங்குகிறவன் கன்றை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போவான் என்று யார்தான் நினைப்பார்கள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சின்ன வீடியோவை ஏற்றவே அருணா மேட்டுக்கு ஏறிப்போக வேண்டும்; மலைமேல் அவர்கள் வீட்டில் அந்த சேனல் வருமளவுக்கு நெட் கிடையாது. ஆகவே உலகமே பார்த்துவிட்ட பிறகுதான் அவர்கள் பார்த்தார்கள், அதுவும் கடையில் நின்றுகொண்டு.

பஸ் ஸ்டாண்டில் துப்பியதோடு போயிருந்தால் சம்பூர்ணம் அதைக் குளித்துத் தொலைத்திருப்பாள். போகவில்லை.

அவளுடைய இளைய மகன் கோகுல்ராஜுக்குச் சந்தவாசலில் பெண் பார்த்திருந்தது. வெண்ணிலா. மலையிலிருந்து இறங்கிக் கீழே குடியேறிய குடும்பம், சொந்த சனம்தான். பெண் போளூரில் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பையன் திருப்பத்தூரில் டூவீலர் ஒர்க்ஷாப்பில் இருந்தான். இருவருக்கும் பிடித்துப்போய், போனில் பேசிக்கொள்வதும் நடந்துகொண்டிருந்தது. பரிசம் போடுவதற்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பெண்வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பெண் கொடுக்கிற எண்ணம் இல்லையாம்.

ஏன் என்று கேட்டதற்கு, சொல்லி அனுப்பப்பட்ட உறவுக்காரர் சங்கடத்தோடு நெளிந்தார். "பொண்ணோட அம்மா மங்கம்மா தெனம் அந்த சேனல்தான் பாக்குதாம். மூத்த மருமவளுக்கே இந்த கதின்னா, எம் பொண்ண உயிரோட வுடுமா அந்தப் பொம்பளன்னு கேக்குதாம்."

கோகுல்ராஜ் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ இன்னாம்மா பண்ணுவ" என்றுகூடச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டி ஆறியிருப்பாள். அவன் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவளும் தன் தட்டை நகர்த்தி வைத்தாள். பெற்ற பிள்ளையின் கல்யாணம் அவள் வாயாலேயே நின்றது. அதுவும் அவள் சிரித்துக்கொண்டே பேசிய வார்த்தையால்.

மறுநாளே மாமியாரும் மருமகளும் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினார்கள்.

தேவராஜின் அலுவலகத்தில் சுவர் முழுக்க டிவிகள். ஒன்றில் நாய்க்குட்டி உருண்டது, ஒன்றில் பிரியாணி வெந்தது, ஒன்றில் சம்பூர்ணம் துடைப்பத்தோடு நின்றாள்.

"வாங்கம்மா, வாங்க! எங்க ஸ்டாரே நேர்ல வந்துட்டாங்க" என்று எழுந்து வந்தான் தேவராஜ். "எங்க சேனல் எல்லாத்துலயும் ரகளை டிவிதான் முதல் இடம். எல்லாம் உங்களாலதான்."

"என் சமாதானம் எங்கப்பா?" என்றாள் சம்பூர்ணம்.

"இன்னா சமாதானம்மா?"

"பூவ வாங்கினு போயி மால கட்றேன்னு சொன்ன. பூவெல்லாம் கிள்ளி எறிஞ்சிட்டு முள்ள மட்டும் கோத்துத் தொங்க வுட்டிருக்க. நான் புடுங்கின தட்ட காட்ற, ஊட்டின கைய காட்டல. அது எங்க?"

அவன் பொறுமையாகச் சிரித்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தான். கம்பெனி வாங்கியது ஓடிய வீடியோக்களைத்தான். மற்றவை அவர்கள் சொத்தில்லை.

அருணா இடைமறித்தாள். "சார், மீதி எல்லாம் எங்ககிட்டதான் இருக்குது. சும்மாவே தர்றோம். ஒரு பைசா வாணாம். ஒவ்வொரு சண்டைக்கும் பின்னால அதுக்குண்டான சமாதானத்த கோத்து வுட்டுடுங்க. அது போதும் எங்களுக்கு."

சும்மா கொடுத்தால் பினாயிலையும் குடிக்கிற உலகம் என்பார்கள். சமாதானத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சமாதானம் ஓடாது சிஸ்டர்" என்றான் தேவராஜ். "சண்ட முடிஞ்சிடுச்சின்னு தெரிஞ்சா ஜனங்க உடனே வேற சேனலுக்குப் போய்டுவாங்க. அப்புறம் சாம்பார் பொடிக்காரருக்கு நாங்க இன்னா பதில் சொல்றது?"

"அந்தாளு சாம்பார் பொடி விக்கிறதுக்கு என் புள்ள கல்யாணம் நிக்கணுமா?" சம்பூர்ணத்தின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்கள் முகத்தில் பயம் இல்லை, ஆசை இருந்தது. டிவியில் வருகிற குரல் நேரில் கேட்கிறதே என்கிற ஆசை. "பொண்ணு வூட்ல வேணாம்னு சொல்லிட்டாங்க. உன் சேனல பாத்துட்டு."

தேவராஜ் தாடையைத் தடவிக்கொண்டான். வருத்தப்படுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இதையே ஒரு வீடியோ பண்ணலாமே? 'என் மகன் கல்யாணம் நின்று போச்சு'ன்னு நீங்க அழணும். பிச்சிகினு ஓடும்."

சம்பூர்ணம் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"அவங்க இந்த சேனல பாப்பாங்களா?"

"தெனம் பாப்பாங்க. உங்களக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. டிவி மேலயே வெளக்கமாத்த எறிஞ்சாங்கன்னா பாத்துக்குங்களேன்" என்று பெருமையாகச் சொன்னான்.

இதற்கு மேல் அந்த ஆளிடம் என்ன பேசுவது? எருமை மேல் மழை பெய்தால் எருமை நனையவாவது செய்யும். இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். படி இறங்கும்போது சம்பூர்ணம் சொன்னாள்: "அவன் டிவில காட்ட மாட்டான். நாம நேர்லயே போய்க் காட்டுவோம். நாளைக்கு சந்தவாசல்."

சொல்லாமல் கொள்ளாமல்தான் போனார்கள். சொல்லியிருந்தால் வரவேண்டாம் என்றிருப்பார்கள். பஸ் கிடைத்து, மாறி, சந்தவாசலில் இறங்கி, வீடு விசாரித்துப் போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் வெண்ணிலாவின் அப்பா சுப்பிரமணி. கடைவீதியில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். முறிந்துபோன சம்பந்தம் வாசலில் நிற்கிறது. மனுஷனுக்குச் சங்கடமாவது வந்திருக்க வேண்டும். அவர் முகம் தேர் பார்த்த முகமாக மலர்ந்தது.

"மங்கா! யாரு வந்திருக்காங்க பாரு! டிவிக்காரங்க! டிவிக்காரங்க நம்ம வூட்டுக்கே வந்துட்டாங்க!"

நாற்காலி வந்தது, சோடா வந்தது. அவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தவர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சுவரில் ஒரு சம்பூர்ணம் கத்திக்கொண்டிருக்க, நாற்காலியில் ஒரு சம்பூர்ணம் கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு விசயமா பேச வந்தோம்ங்க" என்றாள் அவள்.

"அது கெடக்கட்டும்ங்க. அது ஆவாது. மங்காவுக்கு இஷ்டமில்ல" என்றார் சுப்பிரமணி, ஸ்விட்சு பாக்ஸ் ஸ்டாக் இல்லை என்று சொல்கிற மாதிரி. "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? கொஞ்சம் மொறச்சாப்ல பாருங்க. ம்? டிவில பாப்பீங்களே, அந்தப் பார்வ." போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். எடுத்துக்கொண்டார். "அப்டியே அந்த டயலாக் ஒரு தபா. 'இந்த வூட்ல ஒண்ணு நான் இருக்கணும்...' வீடியோ எடுக்கறேன், சொல்லுங்க."

பெண்ணைத் தரமாட்டார்களாம், போட்டோ மட்டும் வேண்டுமாம். சம்பூர்ணத்துக்குக் காது மடல் சுட்டது. மலையில் குரங்காட்டி வந்தால்கூடக் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத்தான் ஆடச் சொல்வார்கள்.

"சொல்ல மாட்டேன்ங்க. நான் வந்தது அதுக்கில்ல."

சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த மங்கம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வேற எதுக்கு வந்தீங்க? எங்க வூட்டுப் பொண்ண இஸ்துகினு போயி வெயில்ல நிக்க வெக்கவா?"

"அது நடிப்பும்மா. நாங்க ரெண்டு பேரும் வெளயாட்டுக்குப் பண்ணது. அதுக்கப்புறம் சமாதானம் ஆவுறோம். அத அவங்க போடல."

"நல்லாருக்குதே நியாயம். போட்டது பொய்யி, போடாதது நெஜமா?" மங்கம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "சரி, நடிப்புன்னே வெச்சிக்குவோம். மனசுல இல்லாதது வாயில வருமா? இத்தினி வகையா திட்றதுக்கு ஒருத்திக்குத் தெரியுதுன்னா, அது உள்ளுக்குள்ள இருக்குதுன்னுதான அர்த்தம்?"

அத்தனை வசனம் பேசிய சம்பூர்ணத்தின் வாயில் தனக்காக ஒரு வார்த்தை வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. அதையும் ஒருத்தி வாசலில் நின்று போனில் எடுத்தாள்.

அப்போதுதான் அருணா எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"இன்னா சொன்ன? இன்னா சொன்ன நீ? எங்க அத்த மனசுல இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா? அவங்க கூட நீ இருந்தியா, நான் இருந்தனா?"

"அருணா, வுடும்மா" என்றாள் சம்பூர்ணம்.

"நீங்க கம்முனு இருங்க அத்த! என் புள்ள பொறக்கற அன்னிக்கு மழையில ரோடு அறுத்துகினு போச்சி. வண்டி வரல. கட்டில்ல போட்டு என்னத் தூக்கினு எறங்கினாங்க. ஆம்பளைங்க மாத்தி மாத்தித் தூக்கினாங்க, கட்டிலோட ஒரு கால மட்டும் யாருக்கும் மாத்திக் குடுக்காம தூக்கினு வந்தது யாரு தெரியுமா? இதோ குந்தியிருக்குதே, உன் டிவில வர்ற கொடும, இதுதான்! தோளுல தோலு உரிஞ்சி புண்ணு ஆறவே ஒரு மாசம் ஆச்சி. அத எந்தப் பேமானி வீடியோ எடுத்தான்? சாம்பார் பொடி விக்கறவன் எடுத்தானா? பாதியப் பாத்துட்டு தீர்ப்பு சொல்ல வந்துட்ட! நீ பொண்ணு குடுக்காட்டி போ, எங்க கோகுலுக்கு வேற பொண்ணு கெடைக்காதா? ஆனா எங்க அத்தைய இன்னொரு தபா இன்னாவாச்சும் சொன்ன, மரியாத கெட்டுப் போவும், சொல்லிட்டேன்!"

"எங்க வூட்ல வந்து எனக்கே மரியாத சொல்லித் தர்றியா?" என்று மங்கம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு நடந்தது நிஜமான சண்டை. இதில் ஒத்திகை கிடையாது, ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருக்கவும் இல்லை. மங்கம்மாள் ஒன்று சொன்னால் அருணா ஒன்பது சொன்னாள். சுப்பிரமணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்தப் பக்கம் வந்து எடுத்தார், அந்தப் பக்கம் போய் எடுத்தார், டிவியும் சேர்ந்து வரட்டும் என்று பின்னால் நகர்ந்து எடுத்தார். பெற்ற பெண்ணின் வாழ்க்கை அங்கே அறுந்துகொண்டிருந்தது, அந்த மனிதர் வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் எங்கேயோ மங்கம்மாளின் வாய் நின்றது. தோற்றுப்போய் நிற்கவில்லை. மூச்சிரைக்க நிற்கும் அருணாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்தானா இது?

"ஏ பொண்ணே" என்றாள் மெல்ல. "மாமியாருக்காக இந்தப் பாடு சண்ட போடற மருமவள நான் எங்கயும் பாத்ததில்ல. எங்க மாமியாருக்காக நான் ஒரு நாளு வாயத் தொறந்ததில்ல. தொறக்கணும்னு தோணினதும் இல்ல."

டிவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வெண்ணிலா வந்தாள், டிவியை நிறுத்தினாள்.

"நான் மொதல்லயே சொன்னேன் இல்லம்மா? கோகுல் சொல்லுவாரு, அண்ணிக்கு ஒடம்பு முடியலன்னா எங்கம்மாவுக்கு சோறு எறங்காதுன்னு. நீதான் அவர நம்பல, டிவிய நம்பின."

மங்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரே பொண்ணு. பயந்துட்டேன். பரிசம் குறிச்ச நாளுலயே வெச்சிக்கலாம்னு சொல்லுங்க" என்றாள், யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்து.

சம்பூர்ணத்துக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. ஆனால் அவள் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. வெளியே மசங்கிக்கொண்டு வந்தது. வெண்ணிலா சாமி மாடத்துப் பக்கம் தீப்பெட்டியோடு நகர்ந்தாள்.

"இரும்மா, இரு! வெளக்கு வெக்காத! வூட்ல துன்றதுக்கு இன்னா இருக்குது?"

"மத்தியானம் கெளறின களி இருக்குதுங்க."

"அது போதும். எடுத்துகினு வா."

களியும் குழம்பும் வந்தன. இவ்வளவு சொல் இந்த வீட்டில் விழுந்திருக்கிறது, இருட்டுவதற்குள் ஒரு வாய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சம்பூர்ணம் சொன்னாள். மங்கம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தாள். சம்பூர்ணம், மருமகள் பேசியதற்கும் சேர்த்து, களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மங்கம்மாளின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் பார்த்தாள். வாசலில் நின்ற கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தன் கண்ணீரைப் படம் பிடித்தவள் முதல் ஆளாகப் படியிறங்கிவிட்டாள். சுப்பிரமணி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைப்பதற்காகத் திரும்பினார்.

சம்பூர்ணத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"சம்மந்தி, போன எங்க வெச்சீங்க?"

"பையிலதாங்க. ஏன்?"

"ஏன் எடுக்கறத நிறுத்திட்டீங்க?"

அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். "சண்டதான் முடிஞ்சிடுச்சேங்க."

இத்தனை நாளாக யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் உள்ளே கிடந்த கோபம் முழுக்க அவளுக்கு அப்போதுதான் வாய்க்கு வந்தது. தேவராஜ்கூட அந்த நிமிஷம் அவ்வளவு பெரிய பாவியாகத் தெரியவில்லை.

"அந்தத் திருப்பத்தூர்க்காரன் துட்டுக்காகப் பாதியில நிறுத்தினான். உங்களுக்கு யாரு இன்னா குடுத்தாங்க? உங்க பொண்டாட்டி, உங்க பொண்ணு, உங்க வூட்டுக் களி. நீங்க எதுக்கு நிறுத்தினீங்க?"

படியிறங்கிய கூட்டம் திரும்பிப் பார்த்தது. குரல் உயர்ந்ததும் போன்கள் மறுபடி மேலே வந்தன.

"எடுங்க" என்றாள் சம்பூர்ணம். குழம்பு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. அவள் கையை இறக்கவில்லை. "இதையும் எடுங்க. முழுசா எடுங்க. நீங்க எடுக்கற வரைக்கும் நான் ஊட்ட மாட்டேன், உங்க பொண்ணு வெளக்கும் வெக்க மாட்டா."

மங்கம்மாள் வாயைத் திறந்தபடியே புருஷனைப் பார்த்தாள். சுப்பிரமணி சட்டைப் பைக்குள் கையை விட்டார்.